இரண்டாவது சரணம் முடிகிற இடம்

மூணேகால் ஆகிவிட்டது. பொன்செல்வி வலது கையால் தொட்டிலை இழுத்துவிட்டு இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்துவிட்டால் நாலு மணி வராமல் போய்விடுமா என்ன, ஆனாலும் வைத்தாள். சேலைத் தொட்டில் போனது, வந்தது, மேலே கொக்கியில் கயிறு உரசி கிர்ர்க் என்றது. நித்திலா இன்னும் தூங்கவில்லை. ஒரு காலை மட்டும் சேலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, விரல்களை மடக்குவதும் விரிப்பதுமாகப் பெரிய யோசனையில் இருந்தாள். எட்டு மாசப் பிள்ளைக்கு அப்படி என்ன யோசனையோ. தூங்கு தாயி, நீ தூங்கினால்தான் அம்மா ஒரு முடிவுக்கு வர முடியும். தூங்காவிட்டாலும் நல்லதுதான், பிள்ளை தூங்கலை, அதனால பாட்டுப் போட முடியலைன்னு போனில் இருக்கிற பாட்டுக் குழுவில் சொல்லிக்கொள்ளலாம். ச்சே, என்ன புத்தி இது, பால் மணம் மாறாத பிள்ளை மேல் போய்ப் பழியைப் போடப் பார்க்கிறது. ஒன்பது நாளாக இப்படித்தான் ஓடுகிறது. பாத்திரம் தேய்க்கையில் ஒரு முடிவு, துணி காயப்போடுகையில் இன்னொரு முடிவு, புருஷன் அழகுராஜ் மில்லில் இருந்து வந்து பஞ்சு ஒட்டிய சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் மூன்றாவதாக ஒன்று. அவனுக்கு எல்லாமே சுலபம். "அந்தக் குழுவ விட்டு வெளிய வந்துரு புள்ள. ஒரு பட்டன அமுக்குனா போச்சு. அதுக்குப் போயி சாம்பாருக்கு உப்பு போட மறந்துட்டுத் திரியுற" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். உப்பு மறந்தது வாஸ்தவம்தான். ஆனால் பட்டனை அமுக்கினால் போகிற சமாச்சாரமா இது. போனது, வந்தது, கிர்ர்க். இன்றைக்கு நாலு மணிப் பாட்டு அவளுடைய முறை. முறை என்றால் முறைதான், அந்தக் குழுவில் மற்ற எது உடைந்தாலும் அது மட்டும் இன்னும் உடையவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒருத்தர் ஒரு பாட்டுப் போட வேண்டும், எல்லாரும் அதே நேரத்தில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஒரே ஒரு சத்தத்தைப் பற்றி எழுத வேண்டும். அருமை என்று எழுதக்கூடாது, சூப்பர் கூடாது, கண்ணீர் வந்தது கூடவே கூடாது. கேட்ட சத்தம் ஒன்று, அவ்வளவுதான். இந்தச் சட்டத்தைப் போட்டவர் ஞானசுந்தரம் அண்ணன். திருவண்ணாமலைப் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவர், முகத்தை நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல். "தங்கச்சி, பாராட்டு எல்லாருக்கும் வரும். காது சில பேருக்குத்தான் வரும். காது உள்ளவங்க மட்டும் இங்க இருந்தாப் போதும்" என்பார். அந்தக் குரல் இப்போது ஒன்பது நாளாக இல்லை.

ஆரம்பத்தில் பதினோரு பேர். வேதமூர்த்தி என்று ஒரு இசையமைப்பாளர் இருந்தார் என்பதே ஊர் உலகத்துக்குத் தெரியாது. ஒன்பது படம், நாற்பத்து மூன்று பாட்டு, அதோடு ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரோ ஏற்றிய ஒரு வீடியோவுக்குக் கீழே இந்தப் பதினோரு பேரும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் ஞானசுந்தரம் அண்ணன் குழு தொடங்கினார். பொன்செல்வி அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. வீடு, பின்கட்டு, துவைக்கிற கல், மாமியார் போட்டுவைத்த சட்டதிட்டம், இவற்றுக்கு நடுவே காதில் ஒரு வயரை மாட்டிக்கொண்டால் நாலு நிமிஷத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். முதல் நாள் அவள் பயந்து பயந்துதான் எழுதினாள். 'பாடுறவங்க மழைன்னு சொல்லி முடிக்கிறப்ப மூச்சை உள்ள இழுக்குறாங்க, குளுந்த தண்ணி மேல பட்டா இழுப்போமே, அந்த மாதிரி.' எழுதிவிட்டு போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் நாற்பது பதில். பொன்செல்வி மேடம் என்று ஒருத்தர். சென்னையில் பெரிய டாக்டர், அவர் சொல்கிறார், இந்தப் பாட்டை முப்பது வருஷமாகக் கேட்கிறேன், அந்த மூச்சு இன்றைக்குத்தான் கேட்டது என்று. மேடம்! பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவளை ஏய் பச்சைத் தாவணி என்றுதான் கூப்பிடுவார், பன்னிரண்டாவது முடிக்கும்வரை அவருக்குப் பேர் தெரியாது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு, புளி, காரம் எல்லாம் அமர்க்களமாக விழுந்தது. பதினொன்று நூறானது, நூறு ஐந்நூறானது. துபாயில் இருந்து, மலேசியாவில் இருந்து, மட்டக்களப்பில் இருந்து. நாலு மணி ஆனதும் அங்கங்கே லாரி ஓட்டுகிறவர் ஓரம் கட்டினார், ஒரு டீச்சர் பரீட்சைப் பேப்பரை மூடி வைத்தார், டாக்டர் நோயாளியை வெளியே உட்காரச் சொன்னாராம், அதைப் பெருமையாக வேறு எழுதினார். ஆயிரத்து இருபத்து நாலு பேர் ஆனதும் இதற்கு மேல் ஆள் சேர்க்க முடியாது என்று போனே சொல்லிவிட்டது. அன்றைக்கு எல்லாருமாக வாழ்த்துச் சொன்னார்கள். இன்றைக்கு அறுபத்து மூன்று. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைத்தான் பார்க்கிறாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. நித்திலாவின் கால் உள்ளே போய்விட்டது. தூங்கிவிட்டாளா. கையை நிறுத்திப் பார்த்தாள். உள்ளே இருந்து ம்ம் என்று ஒரு முனகல். சரி சரி, நிறுத்தலை. போனது, வந்தது.

நாற்பத்து மூன்றில் நாற்பத்து இரண்டு பாட்டு கிடைத்துவிட்டது. 'ஈரக்காத்து எட்டிப் பாக்குது' மட்டும் யாரிடமும் இல்லை. படமே வெளிவரவில்லை, ரேடியோவில் மட்டும் எப்போதாவது வரும் என்று கேள்வி. எங்கப்பா கேசட்ல இருக்கு என்று அவள் எழுதிய அன்றைக்குக் குழு எப்படிக் குதித்தது. நாலு வருஷம் ஆகிறது. பழைய டேப்ரெக்கார்டரில் ஓடவிட்டு போனில் பிடித்து அனுப்பினாள். இரண்டாவது சரணம் முடிந்து, கடைசியாகப் பல்லவிக்குத் திரும்புவதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுபோகும். ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த இடத்தில் டிங்ங்ங் என்று ஒரு மணி. ஒரே ஒரு தடவை. நடுங்கி நடுங்கித் தேய்ந்து அடங்கும்போது பாடகி மறுபடி தொடங்குவாள். ஞானசுந்தரம் அண்ணன் அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதினார். சும்மா இல்லை, கீபோர்டை வைத்துத் தட்டிப் பார்த்து எழுதினார். அந்த மணி சரியாகப் பஞ்சமத்தில் விழுகிறது, இம்மி பிசகவில்லை, ஒரு மனுஷன் நாற்பது வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு ஒரு மணியை மட்டும் அடிக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று. அதைப் படித்தவர்கள் எல்லாரும் சட்டத்தை மீறிக் கண்ணீர் விட்டார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணே, அது மணி இல்லண்ணே, எங்க வீட்டு டம்ளர். ஏழே வார்த்தை. நாலு வருஷமாக அந்த ஏழு வார்த்தையும் வாய்க்குள் உருள்கிறது. அப்பாவிடம் ரேடியோ இருந்தது, ரெக்கார்டர் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்து ரேடியோவுக்கு முன்னால் வைத்து, நேயர் விருப்பத்தில் அந்தப் பாட்டு வருகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் காத்துக் கிடந்தார். துணி தைக்கிற மிஷினை நிறுத்துவார், ஃபேனை நிறுத்துவார், அடுப்பில் கொதிக்கிறதை இறக்கச் சொல்வார், யாரும் மூச்சு விடக்கூடாது. ஏழாவது வாரம் வந்தது. பொன்செல்விக்கு அப்போது நாலு வயசு. தண்ணீர் தாகம். பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளரை மெதுவாக, ரொம்ப மெதுவாக, சத்தம் வந்துவிடக்கூடாதே என்று இரண்டு கையாலும் எடுத்தாள். கை ஈரமாக இருந்தது. அந்த வழுக்கல் இன்றைக்கும் விரல் நுனியில் இருக்கிறது, எதை எடுத்தாலும் ஒரு தடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுக்கிறாள், அழகுராஜ்கூட கேலி செய்வான். சிமெண்டுத் தரையில் டிங்ங்ங். பாட்டு முடிகிறவரை அப்பா அசையவில்லை. முடிந்ததும் எழுந்தார். "எவ அது?" அம்மா பானையடிக்கு எப்படித்தான் அத்தனை வேகமாக வந்தாளோ. டம்ளர் அம்மா கையில் இருந்தது. "நாந்தாங்க, கை தவறிருச்சு." அப்பா அடிக்கவில்லை. பதினைந்து நாள் பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அப்புறம் எத்தனையோ வருஷம், அந்தக் கேசட்டைப் போடும்போதெல்லாம், இரண்டாவது சரணம் முடிகிற இடம் வந்தால் போதும், ப்ச் என்பார். அம்மா எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். பாட்டில் அந்த இடம் வருகிறது என்றால் அம்மா எழுந்து போகிறாள் என்று அர்த்தம். அப்பா சாகிற வருஷம் வரைக்கும் அப்படித்தான்.

அப்படிப்பட்ட டம்ளரைப் போய் மணி என்றால், பஞ்சமம் என்றால், அதை எப்படி இல்லை என்று சொல்ல மனசு வரும். அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். அம்மா, "உங்கப்பா இருந்து இதக் கேட்டிருக்கணும்டி" என்றாள், அப்புறம் சிரித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள். அதில் தப்பு என்ன என்று நேற்றுக்கூடத் தோன்றியது, இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாசத்துக்கு முன்னால் துபாயில் இருக்கிற நிர்மல் ரோஷன், பழைய இசைத்தட்டு சேகரிக்கிறவன், நல்ல பையன்தான், நித்திலா பிறந்தபோது முதலில் வாழ்த்தியவன், எங்கேயோ தேடிப்பிடித்து அந்தப் பாட்டின் இசைத்தட்டையே வாங்கிவிட்டான். சுத்தமாக, துல்லியமாக ஏற்றினான். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. மௌனம். அவ்வளவுதான். இந்த மௌனம்தான் மேதைமை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இல்லை, இசைத்தட்டுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று என்று இரண்டு தடவை பதிவு பண்ணியிருக்கிறார்கள், மணி உள்ளதுதான் அசல் என்று ஞானசுந்தரம் அண்ணன் சொல்ல, அவர் பின்னால் ஒரு கூட்டம். மணிக் கோஷ்டி, மௌனக் கோஷ்டி. மௌனக் கோஷ்டிதான் அதிகமாகக் கத்தியது. டாக்டரும் லாரிக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் ஒருமையில் பேசிக்கொண்டார்கள், நாலு வருஷமாக அண்ணே தம்பி என்று இருந்தவர்கள். 'நாலு வருஷமா ஒரு பாத்திரச் சத்தத்துக்கு அழுதிருக்கீங்க சார்' என்று நிர்மல் எழுதினான், விளையாட்டாகத்தான் எழுதினான் போலிருக்கிறது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு யாரோ ஞானசுந்தரம் அண்ணன் தலையில் ஒரு அண்டாவைக் கவிழ்த்து ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். எல்லாரும் அனுப்பினார்கள், அவளுக்கே சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அவர் போன் செய்தார். "தங்கச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அது ரேடியோவுல இருந்து பிடிச்சதுதான?" "ஆமாண்ணே, ரேடியோவுல இருந்துதான்." பொய்யில்லையே. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை அவர் பெரிய எழுத்தில் குழுவில் போட்டார், பொன்செல்வி அம்மாவே உறுதிப்படுத்திவிட்டார்கள் என்று. அப்புறம்தான் அந்தக் கல்யாணக் கச்சேரி. ஒன்பது நாளைக்கு முன்னால். மேடையில் அந்தப் பாட்டை வாசிக்கிறார், அந்த இடத்தில் மணிச் சத்தத்துக்கு விரலை வைக்கிறார், கீழே நாலு பேர், குழுவில் இருந்தவர்களாம், பாத்திரம் பாத்திரம் என்று கத்தினார்களாம். விரலை எடுத்துவிட்டாராம். பாட்டை முடிக்காமலே இறங்கிவிட்டாராம். லாரிக்காரர்தான் சொன்னார். அதிலிருந்து, குழுவை விட்டுப் போகாவிட்டாலும், அவர் படம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிற வட்டம்.

போன் அதிர்ந்தது. கவிழ்ந்த போன் தரையில் ஒரு பக்கமாக ஊர்ந்து போவதைப் பார்த்தால் கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது. அம்மா. பிள்ளை எழுந்துவிடுமே என்று பேசாமல் இருக்கப் பார்த்தாள், விடாமல் அடித்தது. "என்னம்மா, பிள்ளையத் தூங்க வைக்கேன்." "தூங்கட்டும், நீ பதில் மட்டும் சொல்லு. இன்னிக்குத்தான அந்த முறை? ராத்திரியெல்லாம் நீ தூங்கலையாம்ல, மாப்பிள்ளை சொன்னாரு." "அவருக்கு வேற வேலையில்ல." "ஏய், நான் சொல்றதக் கேளு. அந்த மனுசன் பாவம். அது டம்ளர்னு சொல்லிரு." "சொன்னா எல்லாரும் என்னையத்தானம்மா காறித் துப்புவாக. நாலு வருசமா ஏன் சொல்லலைம்பாக." "அதுக்குத்தான் சொல்லுதேன். எங்கம்மா கை தவறிப் போட்டது, எனக்கு இப்பத்தான் எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு. என் தலையில போட்ரு. எனக்கென்ன, பழகிப்போச்சு." பொன்செல்வியின் கை தொட்டிலில் நின்றுவிட்டது. "உனக்கு அப்பவே தெரியுமாம்மா? போட்டது யாருன்னு?" அந்தப் பக்கம் கோழியை யாரோ விரட்டினார்கள். "ஆமா, தெரியாமலா. உன் கையெல்லாம் தண்ணி. நாலு வயசுப் பிள்ளைய உங்கப்பன்கிட்ட விடவா முடியும்? சரி வையி, பிள்ளை சிணுங்குது பாரு." வைத்துவிட்டாள். அம்மா எப்போதும் அப்படித்தான், பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கோழியை விரட்டப் போய்விடுவாள். பழகிப்போச்சு. இருபத்தைந்து வருஷம் ப்ச் ப்ச் என்று கேட்டது பழகிப்போச்சு. ஒரு ப்ச்சுக்காவது, ஒரே ஒரு நாளாவது, அப்பா அது நான்தான்பா என்று சொல்லியிருக்கலாம். எட்டு வயசில் சொல்லியிருக்கலாம், பன்னிரண்டு வயசில், கல்யாணத்துக்கு முந்தின நாள். அப்பாவும் போய்விட்டார். இப்போது இந்த அண்ணன், முகம் தெரியாத மனுஷன், அவள் போட்ட டம்ளருக்கு மேடையில் இருந்து இறங்கிப் போகிறார். போனது, வந்தது, கிர்ர்க். அவள் தவறவிட்டதை எல்லாம் யாராவது ஓடிவந்து கையில் வாங்கிக்கொள்கிறார்கள், அவள் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறாள். அசதியாக இருந்தது. தூக்கம் இல்லாத அசதி இல்லை, ஒரே துணியை ஒன்பது நாளாகத் துவைத்துக்கொண்டே இருக்கிற அசதி. மூணு ஐம்பது. நிர்மல் தனியாக எழுதியிருந்தான், அக்கா, ப்ளீஸ் சுத்தமானதைப் போடுங்க, இதோடு முடிச்சுக்கலாம். லாரிக்காரர் எழுதியிருந்தார், தங்கச்சி, கேசட்டையே போடு, நாங்க இருக்கோம். எதைப் போட்டாலும் அறுபத்து மூன்று முப்பதாகும். ஞானசுந்தரம் அண்ணன் ஒன்றும் எழுதவில்லை.

அந்த டம்ளர் இங்கேதான் இருக்கிறது. சீரோடு சீராக வந்தது, விளிம்பில் ஒரு நெளிசல், உளுந்து அளந்து போடுவது அதில்தான். பொன்செல்வி எழுந்தாள். அடுக்களையில் உளுந்தை டப்பாவில் கொட்டிவிட்டு டம்ளரை எடுத்தாள், வழக்கம் போல முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, இப்போதுகூடத் துடைக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு. உள்ளே எல்லாம் டைல்ஸ், டைல்ஸில் போட்டால் சத்தம் சப்பென்று இருக்கும், அவளுக்குத் தெரியாதா, நித்திலா தினமும் எதையாவது போட்டுக்கொண்டுதானே இருக்கிறாள். பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்டு. அங்கே போனாள். தொட்டில் தன்பாட்டுக்கு இரண்டு மூன்று தடவை ஆடி நின்றது முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. குழாயை இறுக்கி மூடினாள். சொட்டுவது நின்றது. போனைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்துப் பதிவை அமுக்கினாள். மணி நாலு. பேச வேண்டியதை எல்லாம் ஒன்பது நாளாகக் கோத்து வைத்திருந்தாள், வணக்கம் நண்பர்களே என்று ஆரம்பித்து. அதையெல்லாம் ஓரம் கட்டினாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பு உயரத்துக்கு இல்லை, நாலு வயசுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, விட்டாள். டிங்ங்ங். நடுங்கி, உருண்டு, தேய்ந்து அடங்கியது. உள்ளே நித்திலா வீலென்று அழுதாள். "அது மணி இல்லை. எங்க வீட்டு டம்ளர். எங்கம்மா போடலை, நான்தான் போட்டேன். எனக்கு முதல்ல இருந்தே தெரியும். ஞானசுந்தரம் அண்ணன்கிட்ட நான் முழுசாச் சொல்லலை." பிள்ளை அழுகிற சத்தமும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கும். ஆகட்டும். அனுப்பிவிட்டாள்.

நித்திலாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அறுபத்து மூன்று ஐம்பத்து எட்டாகி இருந்தது. ஆகும் என்று தெரியும். நிர்மல் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு உடனே அழித்திருந்தான், அழித்த தடம் மட்டும் கிடந்தது. டாக்டர் இவ்வளவு நாள் எங்களை முட்டாளாக்கிவிட்டீர்களே மேடம் என்று எழுதியிருந்தார், மேடம் இன்னும் மேடம்தான். அவள் சாம்பல் நிற வட்டத்தைப் பார்த்தாள். எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. பிள்ளையின் கன்னத்துக் கண்ணீரைத் துடைத்தாள், அது அவள் தோளில் மூக்கைத் தேய்த்தது. திட்டட்டும். நல்லா வாய் நிறையத் திட்டட்டும், அப்பா திட்ட வேண்டியதையும் சேர்த்து. எழுதவில்லை, குரல்தான் வந்தது, வெற்றிலை ஒதுக்கிய அதே குரல், பின்னால் கீபோர்டை யாரோ தட்டுகிற, இல்லை, அவரே தட்டுகிற சத்தம், ஒரே ஒரு கட்டையை மறுபடி மறுபடி.

"சத்தம் சரியா விழலையே தங்கச்சி. பிள்ளை அழுததுல கலந்துபோச்சு. இன்னொரு தடவை போடுங்க, சுருதி பாக்கணும்."

பொன்செல்வி பின்கட்டுக்குப் போனாள். டம்ளர் துவைக்கிற கல்லுக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்தாள். இடுப்பில் இருந்த நித்திலா அழுகையை மறந்து அதற்குக் கையை நீட்டினாள். விரல்கள் எச்சிலும் கண்ணீருமாக நனைந்திருந்தன. பொன்செல்வி முந்தானையைத் தேடவில்லை. சிமெண்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பதிவை அமுக்கிவிட்டு, டம்ளரை அந்த ஈரக் கையில் கொடுத்தாள்.

"போடு தாயி" என்றாள்.